குப்பைப் பையில் இருந்த ஊசி: டாட்டூ ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தம்பிக்குப் பதில்

கேள்வி: அக்கா, டாட்டூவும் பியர்சிங்கும் (காது, மூக்கு குத்துவது) செய்யும் ஒரு ஸ்டூடியோவில் ஒரு வருடமாக வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரி கடையை மூடும்போது குப்பைப் பையை அமுக்கிக் கட்டினேன். உள்ளே கிடந்த பியர்சிங் ஊசி பையைக் கிழித்துக்கொண்டு கட்டைவிரலில் ஏறிவிட்டது. அன்றைக்கு நாலைந்து பேருக்குக் குத்தியிருந்தோம், அது யாருக்குக் குத்திய ஊசி என்று தெரியாது. முதலாளி அண்ணன், "ரத்தத்தப் பிதுக்கி விட்டுட்டு ஸ்பிரிட் போடு, ஒண்ணும் ஆகாது, எனக்கு எத்தனையோ தடவை குத்தியிருக்கு" என்றார். அப்படியே செய்தேன். இப்போது ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்களிடம் யூவி லைட் பெட்டி ஒன்று இருக்கிறது. மெஷினின் பிடியான க்ரிப், குத்தும்போது தோலைப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் கழுவி அதில்தான் வைக்கிறோம், அது போதுமா? இனிமேல் வருகிறவர்களிடம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்கலாமா? ஹெபடைடிஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால் முடியாது என்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: தம்பி, யூவி பெட்டி, ரிப்போர்ட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கட்டைவிரல். நாளைக்குக் காலையிலேயே ஒரு மருத்துவரிடம் போய், பயன்படுத்திய ஊசி கையில் குத்தியது, மூன்று வாரம் ஆகிறது, ஊசி யாருடையது என்று தெரியாது என்று இந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். எந்தத் தொழில் செய்கிறீர்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அதோடு எச்ஐவி, மூன்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சின்ன வயதில் போட்டதற்கான அட்டை வீட்டில் கிடைத்தால் எடுத்துப் போங்கள். கிடைக்காவிட்டால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு அதையும் ஆரம்பித்துவிடுவது நல்லது. ஆனால் முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடுப்பூசி போட்ட கையோடு ரத்தம் எடுத்தால் சில நாட்களுக்கு, நோயே இல்லாதவருக்கும் ஹெபடைடிஸ் பி இருப்பது போலப் பரிசோதனை காட்டக்கூடும். ஏற்கெனவே தூக்கம் இல்லாத உங்களுக்கு அந்தப் பயமும் எதற்கு.

இனி பயத்தைப் பற்றி. மருத்துவமனை ஊழியர்களுக்கு ஊசி குத்திய சம்பவங்களைப் பல வருடங்களாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று வர வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், அதாவது முந்நூறில் ஒன்று. ஹெபடைடிஸ் சிக்கு முன்பு 1.8 சதவீதம் என்று சொன்னார்கள், பிற்பாடு வந்த கணக்குகளில் அது 0.2 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஹெபடைடிஸ் பிதான் முரடன். தடுப்பூசி போடாதவருக்கு, எதிரே இருந்தவரின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம் வரை போகும். இவை எல்லாம் அந்த ஊசி, நோய் உள்ள ஒருவருக்குக் குத்தியதாக இருந்தால் மட்டும். உங்கள் விஷயத்தில் அது யாருடையது என்றே தெரியாது, அதனால் உண்மையான வாய்ப்பு இதைவிட இன்னும் குறைவு. ஆனால் குறைவு என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பியர்சிங் ஊசி உள்ளே துளை உள்ள ஊசி, டாட்டூ ஊசியைவிட அதிக ரத்தத்தைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும்.

ஒரே பரிசோதனையோடு இது முடியாது. இப்போது எடுப்பது, இன்று உங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவைக்க. எச்ஐவிக்கு ஊசி குத்திய நாளிலிருந்து ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் மறுபடி பார்ப்பார்கள். ஹெபடைடிஸ் சிக்கு வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனை மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் செய்யலாம், நீங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் இருக்கிறீர்கள், அதனால் மருத்துவரிடம் அதைக் கேட்டே வாங்குங்கள். கடைசியாக ஆறாவது மாதத்தில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும். இடையில் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது என்று எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். முடிவு தெரியும்வரை ரத்த தானம் வேண்டாம், ஷேவிங் ரேசர், டூத் பிரஷ் யாரோடும் பகிர வேண்டாம், உறவில் ஆணுறை அவசியம். வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுங்கள், குழந்தையைத் தூக்குங்கள், அதனால் இவை பரவாது. வேலைக்கும் போகலாம்.

எதுவாக இருந்தாலும் இன்றைக்கு வழி இருக்கிறது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். எச்ஐவியோடு மருந்து எடுத்துக்கொண்டு முழு ஆயுள் வாழ்கிறவர்கள் ஏராளம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, ஊசி குத்திய அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், தேய்க்க வேண்டாம். பிதுக்குவதால் வைரஸ் வெளியே வந்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, சதை நசுங்குவதுதான் மிச்சம். ஸ்பிரிட்டோ பிளீச்சோ காயத்தில் ஊற்றினால் எரிச்சலோடு புண்ணும் சேரும். கண்ணில் தெறித்திருந்தால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீரில் பல நிமிடம் கழுவ வேண்டும். அப்புறம் வேலையை அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்கு. எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்தால் இன்னும் நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் பொருளையும் கொடுப்பார்கள், அதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, ஏழு நாளைத் தாண்டினால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. குத்திய ஊசியை டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்கு எடுத்துப் போகிறார்கள் சிலர், அது வேண்டாம், ஊசியைப் பரிசோதிப்பதில்லை, எடுத்துப் போகும் வழியில் இன்னொருவரைக் குத்தும். உங்களுக்கு இந்த நேரம் எல்லாம் கடந்துவிட்டது, அதற்காக உங்களை நான் குறை சொல்லப் போவதில்லை, உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் உங்கள் முதலாளி.

அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எனக்கு எத்தனையோ தடவை குத்தியிருக்கு, ஒண்ணும் ஆகலை" என்கிறாரே, ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஹெபடைடிஸ் பியும் சியும் இருபது முப்பது வருடம் சத்தமே போடாமல் ஈரலுக்குள் இருக்கும், ஈரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் வந்த பிறகோதான் பலருக்குத் தெரிய வருகிறது. அந்த அண்ணனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வையுங்கள். அவர் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

சரி, இப்போது ரிப்போர்ட் விஷயம். வாடிக்கையாளரிடம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 இல் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர், ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் 5 கோடிப் பேர். இதில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் நோய் கண்டறியப்பட்டிருக்கிறது, சியில் 36 சதவீதம். மற்ற அத்தனை பேரும் உங்கள் படிவத்தில் "எந்த நோயும் இல்லை" என்று மனசாட்சியோடுதான் எழுதுவார்கள். ரிப்போர்ட் கொண்டுவந்தால் மட்டும்? அது போன மாதத்து ரத்தம். போன மாதம் தொற்று வந்திருந்தால் பரிசோதனையில் தெரியாமல்கூட இருக்கும். ஆக, அந்தக் காகிதம் உங்களுக்குக் கொடுப்பது தைரியம் மட்டும்தான், அந்தத் தைரியத்தில் கை கொஞ்சம் அசட்டையாகிவிடும். நல்ல ரிப்போர்ட் கொண்டுவந்தவருக்கு ஒரு மாதிரியும் மற்றவருக்கு ஒரு மாதிரியும் வேலை செய்யும் ஸ்டூடியோதான் எனக்குப் பயம் தருகிறது. நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவர் ரத்தத்திலும் மூன்று வைரஸும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுங்கள், உங்கள் சொந்த அண்ணன் வந்து உட்கார்ந்தாலும்.

அப்படி வேலை செய்வது என்றால் என்ன? புது ஊசி, கையுறை இரண்டும் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புது ஊசியைப் பயன்படுத்தாத ஸ்டூடியோவை இப்போது பார்ப்பதே அரிது. எனக்குக் கவலை, ஊசியைப் பிடித்த அந்தக் கை அடுத்ததாக எதைத் தொடுகிறது என்பதில். பயிற்சி கொடுக்கப் போகும்போது நான் ஒரு பொடி எடுத்துப் போவேன். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, ஊதா விளக்கை அடித்தால் மின்னும். டாட்டூ போடுபவரின் கையுறையில் அதைத் தடவிவிட்டு, செயற்கைத் தோலில் ஒரு சின்னப் பூ வரையச் சொல்வேன், வழக்கம் போலவே செய்யுங்கள் என்று. முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கை அடித்தால் எங்கெங்கே மின்னும் தெரியுமா? ஸ்ப்ரே பாட்டிலின் கழுத்தில், மெஷினுக்குப் போகும் வயரில், பவர் சப்ளையின் திருகில், நாற்காலியை ஏற்றி இறக்கும் பிடியில், டிஷ்யூ சுருளின் அடுத்த நாலு தாளில், வாசலின் டப்பாவுக்கு உள்ளே. முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்ட மூக்கின் மேல், காதுக்குப் பின்னால். போன் திரையில் கட்டைவிரல் ரேகை முழுசாக இருக்கும். அந்த போன்தான் அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கைக்குப் போகிறது. ஒருவரும் அசட்டையாக வேலை செய்தவர்கள் இல்லை, நல்ல கலைஞர்கள்.

காய்ந்துபோன ரத்தம்தானே என்று விட முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும் அதற்கு. ஹெபடைடிஸ் சியும் சில சூழ்நிலைகளில் வாரக் கணக்கில் தாங்குகிறது. நாற்காலிப் பிடியில் திங்கட்கிழமை பட்டது, நகத்தோரம் வெடித்த விரலோடு துடைக்க வரும் உங்களுக்காக சனிக்கிழமை வரை காத்திருக்கும்.

அதனால் வாடிக்கையாளர் உட்காருவதற்கு முன்பே எல்லாம் மேஜைக்கு வந்துவிட வேண்டும். எத்தனை இங்க் கப், எவ்வளவு வாசலின், எத்தனை டிஷ்யூ என்று எடுத்துப் பிரித்து வைத்துவிட்டால், நடுவில் டிராயரைத் திறக்கும் வேலை இருக்காது. வாசலினைப் புதுக் குச்சியால் எடுத்துத் தாளில் தடவி வையுங்கள், டப்பாவுக்குள் கையுறை விரல் போகவே கூடாது. மெஷினுக்கு ஒரு உறை, வயருக்கு ஒரு உறை, பாட்டிலுக்கு ஒரு உறை, விளக்கின் பிடிக்கும் நாற்காலிப் பிடிக்கும் ஒட்டும் பிளாஸ்டிக் தாள். எல்லாம் ஒரு ஆளோடு குப்பைக்குப் போகும். இங்க் தீர்ந்துவிட்டால் கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டு, மறுபடி புதுக் கையுறை. அலுப்பாகத்தான் இருக்கும். அலுப்பு தாங்காவிட்டால் அடுத்த தடவை ஒரு கப் கூடுதலாக ஊற்றி வையுங்கள். மீந்த இங்க்கைப் பாட்டிலில் திருப்பி ஊற்றுவதை எங்காவது பார்த்தால் அந்த பாட்டிலையே தூக்கிப் போடச் சொல்லுங்கள். இங்க்கைக் கரைக்கக் குழாய்த் தண்ணீரும் கூடாது, வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூடாது, கிருமி நீக்கி மூடி முத்திரையிட்ட தண்ணீர்தான். 2011 இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் தண்ணீர் கலந்து விற்ற சாம்பல் நிற இங்க்கால் 19 பேருக்குத் தோலில் மைக்கோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. அது ரத்தம் வழியே வருவது இல்லைதான், ஆனால் புது ஊசி, நல்ல கையுறை எல்லாம் இருந்தும் தண்ணீர் காலை வாரிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஷேவ் செய்யும் ரேசர் ஒரு ஆளுக்கு ஒன்று, அது தோலை நுணுக்கமாகக் கீறும் என்பதால் அதுவும் ஊசிக்குச் சமம், போக வேண்டியது ஊசி டப்பாவுக்கு. ஸ்டென்சில், அதாவது டாட்டூ படத்தைத் தோலில் பதிக்கும் தாள், ஒட்டுவதற்கு டியோடரன்ட் குச்சியை நேராகத் தோலில் தேய்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஷேவ் செய்து கீறிய தோலில் தேய்த்த அதே குச்சியை அடுத்தவர் தோலிலும் தேய்க்கிறீர்கள். இதைவிட நேரான வழி வைரஸுக்கு வேண்டுமா? பியர்சிங்கில் புள்ளி வைக்கும் பேனாவும் அப்படித்தான், ஒரு ஆளோடு முடிந்துவிட வேண்டும்.

கையுறையைப் பற்றி இரண்டே விஷயம். நைட்ரைல் வாங்குங்கள், ரப்பர் லேடெக்ஸ் கையுறை வாசலின் பட்டால் நைந்துவிடும். போடும் முன்னும் கழற்றிய பின்னும் கையைக் கழுவுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எல்லாக் கையுறையிலும் விழக்கூடும். மெஷின் ஓடும்போது நுண்ணிய துளிகள் தெறிக்கும், அதனால் கண்ணாடியும் வேண்டும்.

யூவி பெட்டிக்கு வருவோம். போதாது, தம்பி. அது கருவியைக் கிருமி நீக்கம் செய்யும் சாதனமே இல்லை. வெளிச்சம் படுகிற இடத்தில்தான் அது வேலை செய்யும். கிளாம்பின் மூட்டுக்குள், க்ரிப்பின் குழாய்க்குள், ரத்தம் காய்ந்து ஒட்டிய பல்லிடுக்கில் வெளிச்சம் போகாது. ஏற்கெனவே கிருமி நீக்கியதை எடுத்து வைக்கக்கூட மூடிய பை போதும், அந்தப் பெட்டி தேவையே இல்லை. கொதிக்கிற தண்ணீரும் போதாது, ஸ்பிரிட்டில் ஊறப்போடுவதும் போதாது.

வழி இரண்டுதான். ஒன்று, தோலைத் தொடும் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கி மூடிவந்த, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருட்களாக வாங்குவது: கார்ட்ரிட்ஜ் (மெஷினில் மாட்டும், ஊசி உள்ளேயே இருக்கும் கூடு), க்ரிப், பியர்சிங் ஊசி, கிளாம்ப் எல்லாம் அப்படிக் கிடைக்கின்றன. பாக்கெட்டில் லாட் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள். கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது உள்ளே சவ்வு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சவ்வு இல்லாததில் ஊசி மேலும் கீழும் போகும் ஒவ்வொரு தடவையும் இங்க்கும் ரத்தமும் பின்னால் ஏறி க்ரிப்புக்குள்ளும் மெஷினுக்குள்ளும் போய்த் தங்கும், அடுத்தவருக்குப் புது கார்ட்ரிட்ஜ் மாட்டினாலும் மெஷினுக்குள் இருப்பது பழைய ஆளின் ரத்தம். சின்ன ஸ்டூடியோவுக்கு இந்த முதல் வழியைத்தான் நான் சொல்வேன்.

இன்னொன்று ஆட்டோகிளேவ், அழுத்தத்தில் சூடான நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம். அதை வாங்கி வைத்தால் மட்டும் ஆகாது. கருவியை முதலில் கழுவ வேண்டும், அழுக்கு ஒட்டியிருந்தால் நீராவி அதற்கு அடியில் போகாது. தடித்த கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே பிரஷ் போட்டுத் தேய்த்து, முடிந்தால் ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் கழுவியில் மூடியைப் போட்டு ஓட்டி, அலசி, உலர்த்தி, மூட்டைத் திறந்த நிலையில் பையில் போட்டு, தேதி எழுதி உள்ளே வையுங்கள். சாதாரண நீராவி ஆட்டோகிளேவில் பையில் போட்டதற்கு 121 டிகிரியில் 30 நிமிடம். வெற்றிடம் உண்டாக்கும் வகையில் 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் போதும். துளை உள்ள கருவிகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேறாமல் நீராவியைத் தடுத்துவிடும். சூடு ஏறும் நேரம், உலரும் நேரம் இதில் சேராது. பையை ஈரத்தோடு வெளியே எடுத்தால் அது சுத்தம் ஆனதாகக் கணக்கில்லை.

பையில் இருக்கும் கோடு நிறம் மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கோடு, பை சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே கிருமி செத்ததா என்பதற்கு ஸ்போர் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஜியோபாசில்லஸ் என்ற, நீராவிக்குச் சுலபத்தில் சாகாத பாக்டீரியாவின் வித்துகளை ஒரு சின்னக் குப்பியிலோ தாளிலோ வைத்துத் தருவார்கள், அதைக் கருவிகளோடு சேர்த்து ஓட்டி, பிறகு வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அது செத்திருந்தால் மற்றதெல்லாம் செத்தது. வாரம் ஒரு முறை செய்வது நல்ல பழக்கம், குறைந்தது மாதம் ஒரு முறை, பழுது பார்த்த பிறகு கட்டாயம். முடிவை நோட்டில் எழுதி வையுங்கள். நல்ல ஸ்டூடியோவா என்று பார்க்க யாராவது என்னைக் கேட்டால் அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன்.

பியர்சிங் துப்பாக்கி உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உடம்பு ஆட்டோகிளேவில் உருகும், ஸ்பிரிட்டில் துடைப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வரை போகாது, மழுங்கிய கம்பியைத் தோலில் அறைவதால் ரத்தத் துளி பின்னால் தெறிக்கும். காதின் குருத்தெலும்பில் அதைப் போடுவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நகையும் கிருமி நீக்கியதாகத்தான் உள்ளே போக வேண்டும், ஒருவர் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று வைத்ததைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் காட்டக் கூடாது.

உங்கள் விபத்துக்குக் காரணம் உங்கள் அவசரம் இல்லை, அந்த ஊசி பைக்குள் போயிருக்கவே கூடாது. குத்தினால் துளைக்க முடியாத, கெட்டியான, மூடி உள்ள டப்பா ஒன்று, வேலை செய்யும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அறையின் மூலையில் இருந்தால் பயனில்லை, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு அடியும் ஆபத்து. குத்தியவரே, குத்திய கையோடு, மூடி போடாமல், வளைக்காமல் நேராக அதில் போட வேண்டும், இன்னொருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லக் கூடாது. பியர்சிங்கில் ஊசி மறுபக்கம் வெளியே வரும் இடத்தில் உங்கள் விரல் இருக்கக் கூடாது, ஊசியை வாங்கிக்கொள்ளும் குழாயை வையுங்கள். டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் பூட்டி, மருத்துவக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். அமுக்கி இடம் பண்ணும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குப்பைப் பையையும் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள், அடியில் கை கொடுத்து அணைத்துத் தூக்க வேண்டாம்.

ஒரு ஆள் எழுந்து போனதும் உறைகளைக் கழற்றி, ரத்தத்தை முதலில் தாளால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மருந்து. ரத்தத்தின் மேல் மருந்தை ஊற்றினால் மருந்து ரத்தத்தோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், பத்து நிமிடம் ஈரமாக நிற்க விட வேண்டும். கடையில் வாங்கும் மருந்தானால் லேபிளில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும், அந்த நேரம் முழுக்க மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். இதனால்தான் ஸ்பிரிட் இதற்கு ஒத்துவராது, நீங்கள் திரும்புவதற்குள் ஆவியாகிவிடும். கழிப்பறை கழுவும் ஆசிடையோ அமோனியாவையோ பிளீச்சோடு கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

இதை எல்லாம் முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். கற்றுக்கொடுக்கிறவரிடம் குறை சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். நியூயார்க் நகரம் 1961 இல் ஹெபடைடிஸ் பரவுகிறது என்று சொல்லி டாட்டூ தொழிலையே தடை செய்தது. 1997 இல்தான் அந்தத் தடை நீங்கியது. தொழிலின் பெயர் கெட்டால் ஒழுங்காக வேலை செய்கிறவருக்கும் சேர்த்துத்தான் கதவு அடைபடும், இதை அவர் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லாதீர்கள். ஊசி டப்பா ஒன்று, எல்லோருக்கும் தடுப்பூசி, இந்த இரண்டையும் இந்த வாரமே கேளுங்கள். தடுப்பூசி மூன்று தவணை, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட்டில் அளவு 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டும். இந்த வேலைக்கு வருகிற எவரும் ஊசியைத் தொடும் முன் முதல் தவணையாவது போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. டப்பாவையே மறுத்தால், வேறு இடத்தில் வேலை கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. கை நல்ல கையாக இருந்தால் இடம் கிடைக்கும்.

கடைசியாக, ஹெபடைடிஸ் இருக்கிறது என்று சொல்கிறவரைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொற்றுப் பயத்துக்காக அனுப்ப வேண்டாம். அதே நாளில் உங்களிடம் வந்த மற்றவர்களைவிட அவரால் உங்களுக்கு ஆபத்து கூடுதல் என்று சொல்ல முடியாது, தன் நிலை தெரிந்து மருந்தும் எடுக்கிறவர் என்றால் அவர் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஈரல் ரொம்பக் கெட்டிருந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், காயம் ஆறுவதும் இழுக்கும், அதனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் நலனுக்காகச் சொல்லலாம். கேட்டுவிட்டு வந்தால் எல்லோருக்கும் போடுகிற அதே உறை, அதே கையுறை, அதே டப்பா. இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, கடைசி ஆளாக உட்கார வைத்து, மற்றவர்களிடம் ஜாடை காட்டுவது எல்லாம் வேண்டாம். அவர் சொன்னது உங்களோடு இருக்கட்டும், முதலாளியிடம்கூடப் பேரோடு சொல்ல வேண்டியதில்லை.